லேன் ஆயிலை படிக்கறது எப்படி: பின்னை விட்டுட்டு பந்தை பாருங்க

முதல்லயே சொல்லிடறேன், இது கிரிக்கெட் பவுலிங் பத்தி இல்ல, நீளமான பாதைல, அதாவது லேன்ல, பந்தை உருட்டி விட்டு பத்து பின்னை சாய்க்கற டென்பின் பவுலிங் பத்தி. கொஞ்ச நாளா விளையாடிட்டு இருக்கீங்க, பந்தை ஹூக் பண்ணவும், அதாவது வளைச்சு விடவும், பழகிட்டீங்க, ஆனா ஒரு நாள் பந்து அழகா பாக்கெட்டுக்குள்ள, அதாவது முன்னாடி நிக்கற முதல் பின்னுக்கும் அதுக்கு பக்கத்து பின்னுக்கும் நடுவுல, போகுது, அடுத்த நாள் அதே பந்து அதே கை, ஆனா நேரா வழுக்கிட்டு போயிடுது, இல்லன்னா பாதி தூரத்துலயே திரும்பி ஹெட் பின்னை (அந்த முதல் பின்) தாண்டி அந்தப் பக்கம் போயிடுது. பெரும்பாலானவங்க உடனே தன் கைய குறை சொல்லிக்குவாங்க. கைல தப்பே இல்லாம இருக்கலாம். லேன் மேல மெஷினால தடவி வெச்சிருக்கற ஆயில் மாறியிருக்கும்.

நான் இங்க சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: எத்தனை பின் விழுந்துச்சுன்னு பாத்து எதையும் முடிவு பண்ணாதீங்க, பந்து எங்க திரும்ப ஆரம்பிச்சுச்சுன்னு பாத்து முடிவு பண்ணுங்க. ஏன்னா ஒரே ரிசல்ட் ரெண்டு நேர் எதிரான காரணத்தால வரும். பாக்கெட்ல அடிச்சும் கடைசி வரிசை வலது ஓரத்துல இருக்கற 10ம் நம்பர் பின் மட்டும் ஆடாம நிக்குது, அதுக்கு முன்னாடி இருக்கற 6ம் நம்பர் பின் சோம்பலா கட்டர்ல, அதாவது லேன் ஓரத்து பள்ளத்துல, விழுந்து கிடக்குதுன்னு வைங்க. பந்து சீக்கிரமே லேனை பிடிச்சு சக்தியெல்லாம் செலவாகி போனாலும் இப்படித்தான் நடக்கும், பந்து கடைசி வரைக்கும் வழுக்கிட்டே போயி திரும்பவே நேரம் கிடைக்காம போனாலும் இப்படித்தான் நடக்கும். முதல் கேஸ்ல பந்தை இன்னும் தூரம் வழுக்க வைக்கணும், ரெண்டாவது கேஸ்ல சீக்கிரம் பிடிக்க வைக்கணும். பின்னை மட்டும் பாத்தா எந்த கேஸ்னு தெரியவே தெரியாது, மாத்தி செஞ்சீங்கன்னா நிலைமை இன்னும் மோசமாகும்.

சரி, லேன் எப்படி இருக்கும்னு ஒரு தடவ மனசுல வாங்கிக்கங்க. ஃபவுல் லைன்லேருந்து, அதாவது பந்தை விடறப்ப தாண்டக் கூடாத கோட்டுலேருந்து, ஹெட் பின் வரைக்கும் 60 அடி. அகலம் நாப்பத்தொண்ணரை இன்ச்சுக்கு ஒட்டி, அதுல 39 போர்டு, அதாவது நீளவாக்குல ஓடற பட்டை. வலது கைக்காரங்க வலது பக்கத்துலேருந்து எண்ணுவாங்க, இடது கைக்காரங்க இடது பக்கத்துலேருந்து. ஃபவுல் லைன தாண்டி பன்னெண்டு பதினஞ்சு அடில ஏழு ஆரோ, அதாவது அம்புக்குறி, இருக்கும், அஞ்சு போர்டுக்கு ஒண்ணு, அதாவது ரெண்டாவது ஆரோன்னா 10ம் போர்டு, நடு ஆரோ 20ம் போர்டு. ஹெட் பின்னும் 20ல தான் நிக்குது. பாக்கெட்ங்கறது பதினேழரை போர்டு. நான் இனிமே சொல்றதெல்லாம் வலது கைக்காரங்களுக்கு, இடது கைன்னா அப்படியே திருப்பி போட்டுக்கங்க.

இந்த 60 அடி முழுக்க ஆயில் இருக்காது. ஆயில் போடற மெஷின் ஃபவுல் லைன் பக்கத்துலேருந்து கொஞ்ச தூரத்துக்கு மட்டும்தான் போடும், பேட்டர்னை, அதாவது ஆயில் போட்டிருக்கற விதத்த, பொறுத்து 32 அடிலேருந்து 50 அடி வரைக்கும் கூட போகும், அதுக்கு அப்புறம் பின் வரைக்கும் காஞ்ச லேன். ஒரு லேன் முழுக்க போடற ஆயில் பொதுவா 20லேருந்து 30 மில்லிக்குள்ளதான், அவ்வளவு மெல்லிசு, நின்னு குனிஞ்சு பாத்தாலும் எங்க முடியுதுன்னு தெரியாது. அதனாலதான் பந்தை வெச்சு படிக்கணும்னு சொல்றேன்.

பந்து பயணம் மூணு கட்டமா நடக்குது: ஸ்கிட், ஹூக், ரோல். கைய விட்டு போனதும் ஆயில் மேல வழுக்குது, இது ஸ்கிட். பந்து ஒரு பக்கமா சுத்திட்டு இருக்கும் ஆனா போற திசை வேறயா இருக்கும், பிடிக்க ஒண்ணும் இல்லாததால அந்த சுத்தல் வேலை செய்யாது. மழை பெஞ்ச ரோட்டுல பிரேக் அடிச்சா வண்டி வழுக்கிட்டே போயி, காஞ்ச இடம் வந்ததும் டயர் கபக்குன்னு பிடிக்கும் பாருங்க, அதே கதைதான். காஞ்ச இடம் வந்ததும் பந்து பிடிச்சு, சுத்தற பக்கமா திரும்ப ஆரம்பிக்கும், அது ஹூக். திரும்பி முடிச்சு, சுத்தலும் போற திசையும் ஒண்ணாகி, நேரா உருண்டு போறது ரோல். ரோல் ஆரம்பிச்சு கொஞ்ச தூரத்துல பின்னை அடிக்கற பந்துதான் நல்லா அடிக்கும். ரோல் ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சா திரும்பறது நின்னு போயி மொண்ணையா அடிக்கும். ரோலே ஆரம்பிக்கலன்னா பின்னை தொட்டதும் பந்து விலகி ஓடிடும். பாக்கெட்டுக்குள்ள சுமார் 6 டிகிரி கோணத்துல நுழையறதுதான் ஸ்ட்ரைக்குக்கு, அதாவது ஒரே பந்துல பத்து பின்னையும் சாய்க்கறதுக்கு, நல்லதுன்னு சொல்லுவாங்க, நேரா போடற பந்துக்கு அந்த கோணம் கிடைக்காது, ஹூக் போட இவ்வளவு பாடுபடறதே அதுக்குத்தான்.

இப்ப பேட்டர்ன் விஷயத்துக்கு வருவோம். நீங்க சாதாரணமா போயி விளையாடற இடத்துல போட்டிருக்கறது ஹவுஸ் ஷாட். நடுவுல நிறைய ஆயில், ரெண்டு ஓரத்துலயும் கம்மி. நடுவுல இருக்கறது ஓரத்துல இருக்கறத மாதிரி பத்து மடங்கு கூட இருக்கலாம். இதுல என்ன வசதின்னா, குறிய விட்டு வலது பக்கம் தவறினா காஞ்ச இடத்துல பட்டு பந்து திரும்பி வந்துடும், இடது பக்கம் தவறினா ஆயில் பிடிச்சு வெச்சு அதிகமா திரும்ப விடாது, ரெண்டுமே பாக்கெட் பக்கம்தான் வந்து சேரும். லேனே உங்களுக்கு உதவி பண்ணுது. ஸ்போர்ட் பேட்டர்ன்ல இந்த வித்தியாசம் ரெண்டு மூணு மடங்குதான் இருக்கும், கிட்டத்தட்ட சமமா போட்டிருப்பாங்க, அங்க வலது பக்கம் தவறினா தவறினதுதான், திரும்பி வராது. ஹவுஸ் ஷாட்ல நல்ல சராசரி வெச்சிருக்கறவங்க ஸ்போர்ட் ஷாட்ல போயி மனசு உடைஞ்சு போறதுக்கு இதுதான் காரணம், அவங்க திறமை ஒண்ணும் ஒரே நாள்ல காணாம போகல, அதனால தயவுசெஞ்சு சோர்ந்து போகாதீங்க.

பேட்டர்ன் நீளம் தெரிஞ்சா ஒரு கணக்கு இருக்கு, ரூல் ஆஃப் 31ன்னு சொல்லுவாங்க. நீளத்துலேருந்து 31ஐ கழிச்சா வர்ற நம்பர்தான், ஆயில் முடியற இடத்துல பந்து இருக்க வேண்டிய போர்டு. 40 அடின்னா 9ம் போர்டு, 35 அடின்னா 4ம் போர்டு, அதாவது கட்டரை ஒட்டி, 45 அடின்னா 14ம் போர்டு. இது ஆரம்பிக்கறதுக்கு ஒரு இடம், அவ்வளவுதான், ஹவுஸ் ஷாட்ல இத கறாரா பிடிச்சுட்டு தொங்க வேண்டியதில்ல, சமமா போட்ட பேட்டர்ன்லதான் இது உயிர காப்பாத்தும். ஏன் இப்படின்னு யோசிச்சா சுலபமா புரியும்: ஆயில் சின்னதா இருந்தா பந்து திரும்பறதுக்கு பின்னாடி 25 அடி காஞ்ச லேன் கிடைக்குது, நிறைய திரும்பும், அதனால வெளியிலேருந்து வரணும். ஆயில் நீளமா இருந்தா திரும்பறதுக்கு 15 அடிதான் மிச்சம், அதுல ரொம்ப வெளிய அனுப்பினா திரும்பி வர நேரமே இருக்காது, அதனால உள்ள, பாக்கெட்டுக்கு கிட்டயே, கொஞ்சம் நேரா விளையாடணும். பிபிஏங்கற அமெரிக்க தொழில்முறை பவுலிங் சங்கத்தோட பேட்டர்ன்ல சீட்டான்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, அது குட்டையான வகை, ஓரமா விளையாடற ஆட்டம். ஷார்க் நீளமான வகை, உள்ள விளையாடற ஆட்டம்.

பந்து வகை பத்தி. பந்தோட உள்ள இருக்கற கோர் பத்தி கடையில நிறைய பேசுவாங்க, ஆனா லேனை தொடறது வெளித்தோல்தான், அதுலயும் அந்த தோல் எவ்வளவு சொரசொரப்பா இருக்குங்கறதுதான் பெரிய விஷயம், யுஎஸ்பிசிங்கற அமெரிக்க பவுலிங் அமைப்பு பண்ணின பால் மோஷன் ஆய்வுலயும் மேற்பரப்பு சொரசொரப்புதான் முன்னாடி வந்து நின்னுச்சு. பிளாஸ்டிக் பந்து ஆயிலை பத்தியே கவலைப்படாது, கிட்டத்தட்ட நேரா போகும், ஸ்பேருக்கு, அதாவது மிச்சம் நிக்கற பின்னை ரெண்டாவது பந்துல சாய்க்கறதுக்கு, அருமை. யூரித்தேன் சீக்கிரம் பிடிக்கும் ஆனா மெதுவா, சீரா திரும்பும், கடைசில துள்ளாது, குட்டை பேட்டர்ன்ல இத மாதிரி நம்பிக்கையான பந்து கிடையாது. ரியாக்டிவ் ரெசின் ஆயில்ல நல்லா வழுக்கி காஞ்ச இடத்துல வேகமா திரும்பும், அதுலயே சாலிட்னா சீக்கிரம் பிடிக்கும், பெர்ல்னா தூரம் போயி திரும்பும், ஹைப்ரிட்னா ரெண்டுக்கும் நடுவுல. ரொம்ப ஆயில் இருந்தா மேட்டா, அதாவது பளபளப்பு இல்லாம, தேய்ச்ச சாலிட், ஆயில் கம்மின்னா பாலிஷ் போட்ட பெர்ல், இது மோட்டாவான கணக்கு.

இதுல என் கருத்து ஒண்ணு. புதுசா வாங்கறவங்க கடையிலயே ரொம்ப ஸ்ட்ராங்கான பந்தை வாங்கிடறாங்க. ஹவுஸ் ஷாட்ல ஓரம் காஞ்சு கிடக்கும், அங்க இந்த பந்து 30 அடியிலயே பிடிச்சு சக்திய கொட்டிடும், பாக்கறதுக்கு பெருசா வளைஞ்சு வர்ற மாதிரி இருக்கும், ஆனா பின் பறக்காது. முதல் பந்தா ஒரு நடுத்தர ரியாக்டிவ், கூடவே ஸ்பேருக்கு ஒரு பிளாஸ்டிக், இந்த ரெண்டு இருந்தா போதும்னு மனசார சொல்லுவேன். அந்த பிளாஸ்டிக்க யாரும் மதிக்கறதில்ல, ஆனா 10ம் பின் ஸ்பேருக்கு ஆயில் எப்படி இருந்தாலும் ஒரே மாதிரி போற ஒரே பந்து அதுதான்.

பந்து வாங்காமலே ரியாக்‌ஷனை மாத்தலாம். பந்தை தேய்க்கற அப்ராலான் பேடு 500, 1000, 2000, 4000ன்னு வரும், நம்பர் கம்மின்னா சொரசொரப்பு அதிகம், பந்து சீக்கிரம் பிடிக்கும். பாலிஷ் போட்டா தூரம் வழுக்கும். ஆனா யுஎஸ்பிசி போட்டில ஆட்டம் நடந்துட்டு இருக்கறப்ப பந்தை தேய்க்கக் கூடாது, காஞ்ச துண்டால துடைக்கலாம், அவ்வளவுதான். அதனால என்ன செய்யணுமோ அத ஆட்டத்துக்கு முன்னாடியே செஞ்சுடுங்க.

லேனுக்கு போனதும் என்ன பண்ணனும்? பிராக்டிஸ் நேரத்துல ஸ்ட்ரைக்குக்காக அடிக்காதீங்க, லேனை கேள்வி கேளுங்க. ஒரே வேகத்துல, ஒரே கைல, ஒரு பந்தை 10ம் போர்டு மேல விடுங்க, இன்னொண்ண 15 மேல, இன்னொண்ண 5க்கு கிட்ட. கைய விட்டதும் திரும்பி நடக்காதீங்க, அங்கயே நின்னு 30 அடிலேருந்து 45 அடி வரைக்கும் பந்தையே பாருங்க. சில லேன்ல 35, 40 அடிக்கு கிட்ட போர்டுல கோடு மாதிரி மார்க் இருக்கும், அது இருந்தா அளவு பாக்க வசதி. 5ல போட்டது எகிறி திரும்பி, 15ல போட்டது திரும்பாம போச்சுன்னா ஓரம் காஞ்சிருக்கு, நடுவுல ஆயில், அதாவது ஹவுஸ் ஷாட். மூணுமே ஒரே மாதிரி லேசா திரும்பினா சமமான பேட்டர்ன். எல்லாமே ரொம்ப லேட்டா திரும்பினா நீளம், சீக்கிரமே திரும்பினா குட்டை, இல்லன்னா போட்டு ரொம்ப நேரமாகி ஆயில் போயிருக்கு. பந்து திரும்பி வந்ததும் துடைக்கறதுக்கு முன்னாடி அது மேல இருக்கற ஆயில் வளையத்தயும் பாருங்க, கனமா பளபளன்னு இருந்தா லேன்ல ஆயில் நிறைய இருக்கு, தேடி பாத்தாதான் தெரியுதுன்னா கம்மி. பாத்துட்டு துடைங்க, ஒவ்வொரு ஷாட்டுக்கும் துடைக்கணும், துடைக்காம போட்டா அடுத்த ஷாட் வேற பந்து மாதிரி நடந்துக்கும், அப்புறம் நீங்க படிச்சதெல்லாம் தப்பாயிடும்.

நகர்றதுக்கு அடிப்படை விதி: பந்து எந்தப் பக்கம் தவறுதோ அந்தப் பக்கம் காலை நகர்த்துங்க. பந்து ரொம்ப திரும்பி இடது பக்கம் ஹெட் பின் மூக்குல அடிக்குதுன்னா கால் ரெண்டு போர்டு இடது, பாக்கற குறி ஒரு போர்டு இடது. இப்படி போனா பந்து அதிகமா ஆயில் இருக்கற இடத்துல பயணம் பண்ணும், திரும்பறது தள்ளிப்போகும். பாக்கெட்டுக்கு வராம வலது பக்கமே நின்னுடுதுன்னா அதே கணக்கு வலது பக்கம். ஆனா இத செய்யறதுக்கு முன்னாடி நீங்க பந்தை நல்லபடியா விட்டீங்களான்னு பாருங்க, ஒரு மோசமான ஷாட்ட பாத்து நகர்ந்துட்டீங்கன்னா அடுத்து வர்ற நல்ல ஷாட்டும் கெட்டுப் போகும். நல்லபடியா விட்டும் தவறினா உடனே நகருங்க, மூணு ஃபிரேம், அதாவது மூணு சுற்று, காத்திருக்காதீங்க.

ஏன் காத்திருக்க கூடாதுன்னா ஆயில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாறிட்டே இருக்கு. ரியாக்டிவ் பந்து ஆயிலை உறிஞ்சும், லேன்லேருந்து எடுத்துட்டு வந்துடும், நீங்க துண்டால துடைக்கறது அந்த ஆயில்தான். ஒரே தடத்துல நாலஞ்சு பேர் போட்டா அந்த தடம் காஞ்சு போகும், முதல் கேம்ல பாக்கெட்டுக்கு போன பந்து ரெண்டாவது கேம்ல மூக்குக்கு போகும். அதனாலதான் வலது கைக்காரங்க எல்லாரும் ராத்திரி போகப் போக இடது பக்கமா நகர்ந்துட்டே இருப்பாங்க. இடது கைக்காரங்க எண்ணிக்கைல கம்மி, அவங்க பக்கம் மெதுவாத்தான் மாறும். யூரித்தேனும் பிளாஸ்டிக்கும் அவ்வளவா உறிஞ்சாது, முன்னாடி இருக்கற ஆயிலை இழுத்துட்டு போயி பின்னாடி காஞ்ச இடத்துல தடவிடும், கேரிடவுன்னு சொல்றது இதத்தான், அப்ப பந்து கடைசில திரும்ப வேண்டிய இடத்துல லேசா வழுக்கும். உங்க லேன்ல யாராவது யூரித்தேன் போடறாங்களான்னு ஒரு கண்ணு வெச்சுக்கங்க, உங்க பந்து திடீர்னு லேட்டாச்சுன்னா அது காரணமா இருக்கலாம்.

எல்லாரையும் அதிகமா படுத்தற நிலைமை வெட் ட்ரை. தடம் நல்லா காஞ்சு, அதுக்கு பக்கத்துலயே ஆயில் அப்படியே நிக்கும். ஒரு போர்டு உள்ள போட்டா வழுக்கிட்டு போகுது, ஒரு போர்டு வெளிய போட்டா துள்ளி குறுக்க பாயுது, ரெண்டுக்கும் நடுவுல எதுவுமே இல்ல. இங்க பாலிஷ் போட்ட, துள்ளற பந்து வெச்சிருந்தீங்கன்னா பாவம் நீங்க. சீரா திரும்பற பந்துக்கு மாறணும், யூரித்தேன் இருந்தா அது, இல்லன்னா பாலிஷ் எடுத்து 2000 இல்ல 3000ல லேசா மேட் பண்ணி வெச்ச ரியாக்டிவ். திரும்பறது மொத்தமா குறையும், ஆனா எங்க போகும்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், பெருசா வளையறதவிட அது எவ்வளவோ மேல். இல்லன்னா ஒரேயடியா அஞ்சு போர்டு, எட்டு போர்டு இடது பக்கம் தாண்டி, யாரும் விளையாடாத ஆயிலுக்குள்ள போயிடுங்க. ஒவ்வொரு போர்டா நகர்ந்தா அந்த எல்லைக்கோட்டு மேலயே நின்னுட்டு இருப்பீங்க.

கையாலயும் வேகத்தாலயும் பண்றது கடைசி வழி. ஆயில் நிறைய இருக்குன்னு தெரிஞ்சதும் நிறைய பேர் கைய இன்னும் அதிகமா முறுக்கறாங்க, நான் அடிக்கடி பாக்கற தப்பு இது. பக்கவாட்டு சுத்தல் கூடினா பந்து இன்னும் தூரம் வழுக்கும், அதாவது நீங்க கேட்டதுக்கு நேர் எதிரா நடக்கும். பந்துக்கு பின்னாடி கை இருக்கற மாதிரி வெச்சு, முன்னோக்கி உருட்டி விடுங்க, வேகத்த கொஞ்சம் குறைங்க, சீக்கிரம் பிடிக்கும். வேகத்த குறைக்கணும்னா கைய இழுத்து பிடிக்காதீங்க, நிக்கறப்ப பந்தை கொஞ்சம் தாழ்வா பிடிச்சு ஆரம்பிச்சா ஸ்விங் தானா சின்னதாகும். காஞ்ச லேன்ல பந்தை உயர பிடிச்சு ஆரம்பிங்க.

இப்ப அந்த நிக்கற 10ம் பின்னுக்கு திரும்ப வரலாம். பந்து 35 அடிக்குள்ளயே திரும்பி முடிச்சு நேரா ஓடிச்சா? சக்தி தீந்துடுச்சு. இடது பக்கம் ரெண்டு-ஒண்ணு நகருங்க, இல்லன்னா பளபளப்பான பந்து எடுங்க. 45 அடி தாண்டியும் வழுக்கிட்டே இருந்துச்சா? நேரம் பத்தல. வலது பக்கம் நகருங்க, இல்லன்னா மேட்டான பந்து, இல்லன்னா கொஞ்சம் வேகம் குறைங்க. பந்து சரியாத்தான் திரும்புச்சு, 6ம் பின் வேகமா பறந்து 10ம் பின்ன சுத்தி போயிடுச்சுன்னா அது ஒரு போர்டு விஷயம், கால மட்டும் ஒரு போர்டு நகர்த்தி பாருங்க, பந்தெல்லாம் மாத்த வேண்டாம்.

ஆட்டம் முடிஞ்சதும் பந்தை அப்படியே பைக்குள்ள போடாதீங்க, ஆயில் இன்னும் மேற்பரப்புல இருக்கறப்பவே பால் கிளீனரால துடைச்சுடுங்க, ராத்திரி முழுக்க விட்டா உள்ள இறங்கிடும். மாசக்கணக்கா உறிஞ்சின ரியாக்டிவ் பந்து செத்துப் போன மாதிரி வழுக்கும், அப்ப நீங்க லேனை படிக்கறதா நினைச்சு பந்தோட அழுக்கை படிச்சுட்டு இருப்பீங்க. அந்த நிலைக்கு வந்துடுச்சுன்னா புரோ ஷாப்ல, அதாவது பவுலிங் சாமான் கடையில, குடுத்து சூடு பண்ணி ஆயிலை எடுக்க சொல்லுங்க, வீட்டு ஓவன்லயோ வெயில்லயோ வெச்சு முயற்சி பண்ணாதீங்க, பந்து வெடிச்சு கீறல் விட்டுடும். கார் டிக்கில வெச்சுட்டு மறந்து போறதும் அதே கணக்குதான்.